அரிசிச் சிப்பத்தை விடக் காய்க்கூடை கனக்கட்டும்!

ஆண்டு முடிந்தால் இருப்பு எடுக்கிறோம். பேரேட்டைப் புரட்டி, பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு என்று பார்த்து ஐந்தொகை போடுகிறோம். ஒரு மூட்டை துவரம் பருப்பில் இரண்டு கிலோ குறைந்தால்கூட அது எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை. ஆனால் நாள்தோறும் மூன்று வேளை நம் உடம்புக்குள் போகிற சரக்குக்கு மட்டும் நம்மிடம் கணக்கு கிடையாது. ஊருக்கெல்லாம் உணவுப் பொருள் விற்கிற நாம், நம் இலையில் என்ன விழுகிறது என்று பார்ப்பதே இல்லை.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். சூளை வேலைக்குப் போகிறவர்கள், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மல்லாட்டையும் நெல்லும் கொண்டுவருகிற விவசாயிகள், நெய்வேலிக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் என்று எல்லோரும் நம் கடைகளுக்குத்தான் வருகிறார்கள். அவர்களில் பலருக்கு உடம்பு அசைகிறது, வியர்வை சிந்துகிறது. நம் பிழைப்போ உட்கார்ந்த பிழைப்பு. காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் இரவு பத்து மணி வரை கல்லாவை விட்டு எழுந்திருக்க முடிவதில்லை. கூட்டம் குறைந்த பிறகுதான் பகல் சாப்பாடு. அது மூன்று மணியும் ஆகலாம், நாலும் ஆகலாம். நடுவில் ஐந்தாறு டீ, இரண்டு பஜ்ஜி, கையில் எட்டிய பிஸ்கட்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் கல்லாப் பெட்டியில் சில்லறைக்குப் பக்கத்திலேயே மாத்திரை அட்டையும் இருக்கிறது.

நம்மோடு முப்பது ஆண்டுகள் கொள்முதலுக்கு வந்த வணிக நண்பர் ஒருவருக்குச் சர்க்கரை நோய் முற்றிக் கால் விரல்களை எடுத்தார்கள். மருத்துவச் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். கடையில் உட்கார ஆளில்லை. வெளியே நின்ற பாக்கி வசூலாகவில்லை. இரண்டே ஆண்டில் கடை மூடப்பட்டது. பெரிய நிறுவனத்தில் ஒருவர் படுத்தால் மற்றொருவர் வருவார். சிறு கடையில் முதலாளியின் உடம்புதான் முதல். அந்த முதல் கரைந்தால் மற்ற முதலெல்லாம் பின்னாலேயே கரைந்துவிடும். ஆகவே இந்தக் கட்டுரையில் காய்கறியைப் பற்றிப் பேசுவதை நம் தொழிலைப் பற்றிப் பேசுவதாகவே அன்பர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாட்டின் நிலவரம் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், வயது வந்தோரில் 100-க்கு 35 பேருக்கு மேல் இரத்தக் கொதிப்பு இருப்பதாகவும் அது கணக்கிட்டது. சர்க்கரை நோயில் நம் பக்கத்திலுள்ள புதுச்சேரி, கோவாவுக்கு அடுத்தபடியாக 26 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. இந்த நோய்களுக்குக் காரணம் பல. பரம்பரை உண்டு, உடல் உழைப்பு இல்லாமை உண்டு, புகையிலை உண்டு. இவற்றோடு சேர்த்து வைக்க வேண்டிய ஒன்று, காய்கறி போதாத சாப்பாடு.

குன்னூரில் நடந்த சோதனை

காய்கறியின் பெருமையை வெளிநாட்டார் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. உலகம் கவனித்த ஓர் ஆராய்ச்சி நம் நீலகிரி மலையில், குன்னூரில் நடந்தது.

1918-ஆம் ஆண்டு, குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர். அன்று அதன் வேலை 'பெரிபெரி' என்ற நோய்க்குக் காரணம் தேடுவது. நடுவில் சிக்கன நடவடிக்கை என்று சொல்லி 1923-இல் அதை மூடினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி திறந்தார்கள். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

மெக்காரிசன் செய்த சோதனை எளிமையானது. ஒரே வயது எலிகளைக் குழு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, மற்றவற்றுக்கு மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் சாப்பாடு என்று அந்தந்த மக்கள் உண்பதையே கொடுத்து வளர்த்தார். பிறகு எடை போட்டார், உறுப்புகளைச் சோதித்தார். முதலிடம் சீக்கியர் சாப்பாட்டுக்குக் கிடைத்தது. கடைசி இடம் நமக்கு!

சீக்கியர் சாப்பாட்டில் என்ன இருந்தது? தவிடு நீக்காத கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், பச்சைக் காய்கறி, எப்போதாவது இறைச்சி. நம் சாப்பாட்டில் என்ன இருந்தது? தீட்டிய அரிசிச் சோறு ஒரு மலை. அதன் மேல் கொஞ்சம் பருப்பு. காய், பால் எல்லாம் பெயருக்கு. சீக்கியர் சாப்பாட்டில் வளர்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை 27 மாதம் வரை கவனித்தார். மனிதக் கணக்கில் அது ஐம்பது வயதைத் தாண்டிய பருவம். அவற்றில் நோய் என்று சொல்லத்தக்கது தென்படவில்லை. குறையுள்ள சாப்பாடு தின்ற எலிகளுக்கோ நுரையீரல், வயிறு, குடல், சிறுநீரகம் என்று உறுப்புக்கு உறுப்பு நோய் வந்தது.

எலி வேறு, மனிதன் வேறு என்று சிலர் சொல்லலாம். அது சரியே. சீக்கியர் சாப்பாட்டில் காய்கறி மட்டுமல்ல, பாலும் முழுத் தானியமும் சேர்ந்துதான் வேலை செய்தன என்பதும் சரியே. ஆனால் மெக்காரிசன் அன்று சுட்டிய குறை இன்றும் நம் இலையில் அப்படியே இருக்கிறது. சோறு மிகுதி, சோற்றைச் சுற்றி உள்ளவை குறைவு.

அரிசிதான் குற்றவாளியா?

அரிசி வியாபாரம் செய்கிற நாம் இதைத் தெளிவாகப் பேசிவிட வேண்டும். சர்க்கரை வந்தவர்கள் முதலில் பழி போடுவது அரிசி மீதுதான்.

பெரிபெரி நோய் ஆந்திரக் கடலோரத்தில், தீட்டிய பச்சரிசி தின்ற மக்களிடம் மிகுதியாக இருந்தது. புழுங்கலரிசி தின்ற தமிழ்நாட்டுப் பகுதிகளில் குறைவாக இருந்தது. நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள 'பி-1' வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நம் முன்னோர் காரணம் சொல்லாமல் செய்த வேலையின் பயனைப் பின்னால் ஆராய்ச்சி எடுத்துக் காட்டியது. மெக்காரிசனுக்குப் பின் 1935-இல் குன்னூர் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமையேற்ற ஆய்க்ராய்டு, இந்திய உணவுகளில் என்னென்ன சத்து எவ்வளவு என்று பட்டியல் போட்டு 1937-இல் நூலாக வெளியிட்டார். பின்னாளில் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் முதலியோர் அதை விரிவுபடுத்தினார்கள். நம் உணவுக்கு விலைப்பட்டியல் மட்டுமல்ல, சத்துப் பட்டியலும் உண்டு. அதைத் தொடங்கியதும் நம் குன்னூரே.

ஆகவே அரிசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். சோறே சாப்பாடு ஆகிவிட்டதுதான் குறை. முன்பு குறிப்பிட்ட நாடு தழுவிய ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளிவந்தது. இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், அதில் பெரும்பகுதி தீட்டிய தானியமும் சர்க்கரையும் என்றும் அது சொல்கிறது. ஏர் ஓட்டியவருக்கும் மூட்டை தூக்கியவருக்கும் அது செரித்தது. கல்லாவில் உட்காருகிறவருக்குச் செரிக்குமா?

ஒரு நாள் பற்று வரவு

"நாங்கள் சுத்த சைவம். காய்தான் சாப்பிடுகிறோம்" என்று நம்மில் பலர் பெருமையாகச் சொல்வார்கள். சைவச் சாப்பாடு என்பது ஒன்று, காய்கறிச் சாப்பாடு என்பது இன்னொன்று. நம் போன்ற ஒரு சைவ வணிகரின் ஒரு நாள் சாப்பாட்டைத் தராசில் வைத்துக் கணக்குப் போட்டால் இப்படித்தான் வருகிறது.

காலையில் நாலு இட்லி, சட்னி. சட்னியிலுள்ள தக்காளி, வெங்காயம் எல்லாம் சேர்ந்து 20 கிராம். பகலில் சாம்பார் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், மோர்ச்சோறு, ஊறுகாய். சாம்பாரில் மிதந்த இரண்டு முருங்கைத் துண்டு, ஒரு கத்தரிக்காய்த் துண்டு 40 கிராம். மாலையில் வாழைக்காய் பஜ்ஜி. காய் மெல்லிய வில்லை, மாவும் எண்ணெயும்தான் கனம். இரவில் மூன்று தோசை, பொடி. மொத்த வரவு 70, 80 கிராம்! ஒரு கரண்டிப் பொரியல் விழுகிற நாளில் இன்னும் 50 கிராம் கூடும்.

உருளைக்கிழங்கை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் உருளை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி போன்ற மாவுக் கிழங்குகள் சேரா. ஊறுகாயையும் காய் வரவில் எழுதக்கூடாது. அது உப்புக் கணக்கில் போக வேண்டியது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அதே நிறுவனத்தின் அறிவுரை.

சென்னை நகரத்தாரிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சராசரியாக ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிட்ட காய்கறியும் பழமும் 265 கிராம் என்று தெரிந்தது. அதே ஆய்வில், காயும் பழமும் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு இரத்த அழுத்தமும் கொழுப்பும் குறைவாக இருந்தன. சென்னையின் சராசரியே அவ்வளவு என்றால், பகல் சாப்பாட்டை மாலையில் சாப்பிடுகிற நம் இனத்தின் சராசரியை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரையை நம் மளிகைச் சீட்டு பாணியில் எழுதிப் பார்ப்போம். 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 30 நாள் கணக்கு போட்டால், தானியம் 30 கிலோ, பருப்பு 10 கிலோ, காய்கறி 48 கிலோ, பழம் 12 கிலோ. அரிசியை விடக் காய்தான் எடை! நம்மிடம் வருகிற மாதச் சீட்டுகளை நினைத்துப் பாருங்கள். அரிசி ஒரு சிப்பம், அதற்கு மேலும் பத்து கிலோ. துவரம் பருப்பு இரண்டு கிலோ. காயோ, அன்றன்றைக்குக் கையில் மிச்சமிருக்கிற காசுக்கு. சாப்பாடு தலைகீழாக நிற்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

உள்ளே போய் என்ன செய்கிறது?

காய்கறியில் நார்ச்சத்து இருக்கிறது. அது குடலில் சோற்றோடு கலந்து, மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. ஒரே நேரத்தில் பத்து லாரி வந்தால் மண்டி திணறும். ஒவ்வொன்றாக வந்தால் இறக்கிவிடலாம். அதைப் போன்றதுதான் இதுவும். முதலில் காயையும் புரதத்தையும் சாப்பிட்டுவிட்டு மாவுப் பண்டத்தைக் கடைசியில் சாப்பிட்டவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை குறைவாக ஏறியதை நியூயார்க்கில் ஒரு சிறு ஆய்வில் கண்டு 2015-இல் எழுதினார்கள். பொரியல், கூட்டு முதலில், சோறு பிறகு என்பது செலவில்லாத மருந்து.

இரண்டாவது, இரத்த அழுத்தம். காய்கறியிலுள்ள பொட்டாசியம், உடம்பில் மிகுந்த உப்பைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது. அமெரிக்காவில் 459 பேரிடம் நடந்து 1997-இல் வெளியான புகழ்பெற்ற ஒரு சோதனையில், உப்பைக் குறைக்காமல் காய்கறியையும் பழத்தையும் மட்டும் கூட்டினார்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு மேல் அளவு 7 புள்ளி இறங்கியது. கொழுப்பு குறைத்த பால் பொருளும் சேர்த்து, மொத்தக் கொழுப்பையும் குறைத்தபோது 11 புள்ளி இறங்கியது. எல்லாம் எட்டே வாரத்தில்.

மூன்றாவது, எடை. 100 கிராம் அரிசியில் 345 கலோரி. 100 கிராம் சுரைக்காயில் 12 கலோரி. வயிறு நிறைவதற்கு எடை வேண்டும். எதனால் நிரப்புகிறோம் என்பதில்தான் தொப்பை இருக்கிறது.

நான்காவது, வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற மலச்சிக்கல். உட்கார்ந்த பிழைப்புக்காரர்களுக்கு இதுவும், இதைத் தொடர்ந்து வருகிற மூலமும் தொழில் நோய் போல ஆகிவிட்டன. நாளொன்றுக்கு 25 கிராமாவது நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது. தீட்டிய அரிசியும் மைதாவும் அதைத் தரமாட்டா. அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, கீரை, முழுப் பயறு தரும்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினரும் மற்றவர்களும் நம் அடுத்த வட்டாரமான திருச்சி மாவட்டத்தில் ஏறத்தாழ 15,000 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1990-இல் வெளிவந்தது. உணவிலிருந்தே கிடைக்கக்கூடிய அளவு 'ஏ' வைட்டமினை வாரந்தோறும் கொடுத்ததில் குழந்தை மரணம் பாதிக்கும் மேல் குறைந்தது. அந்த 'ஏ' வைட்டமினாக உடம்பில் மாறுகிற கரோட்டின் முருங்கைக்கீரையிலும் அகத்தியிலும் முளைக்கீரையிலும் பரங்கியிலும் இருக்கிறது. நம் வீட்டுப் பேரக்குழந்தைகள் இலையில் கீரையை ஒதுக்கினால் அதைச் சின்ன விஷயமாக விட்டுவிடக் கூடாது.

எவ்வளவு சாப்பிட்டால் எவ்வளவு லாபம் என்று கேட்பது வணிகர் இயல்பு. இலண்டன் இம்பீரியல் கல்லூரியார் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, நாளொன்றுக்கு 200 கிராம் காயும் பழமும் உண்பவர்களுக்கே, ஒன்றும் உண்ணாதவர்களை விட இதய நோய் 16 சதவீதம் குறைவாக இருந்தது. அளவு 800 கிராம் வரை கூடக்கூட நன்மையும் கூடியது. அதே ஆண்டு இந்தியா உள்ளிட்ட 18 நாடுகளில் நடந்த இன்னோர் ஆய்வு, காய், பழம், பயறு மூன்றும் சேர்ந்து 375 முதல் 500 கிராம் வரை உண்டாலே பெரும் பயன் கிடைத்துவிடுகிறது என்றது. ஆகவே முழுதும் முடியாதவர்கள் பாதியாவது தொடங்கலாம். முதல் 200 கிராமிலேயே நல்ல லாபம் இருக்கிறது.

மனதுக்கும் உண்டு பங்கு

மாலை ஐந்து மணிக்கு மேல் வாடிக்கையாளரிடம் எரிந்து விழாத கடைக்காரர் எத்தனை பேர்? பையன்களைத் திட்டுவதும், பாக்கி கேட்கும்போது வார்த்தை தடிப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். காலையிலிருந்து பன்னும் டீயுமாக ஓட்டிவிட்டு, பசியோடு உட்கார்ந்திருப்பதும் அதற்கு ஒரு காரணம். ஆறு டீக்கு ஆளுக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் ஒரு நாளில் 60 கிராம் சர்க்கரை டீயிலேயே போய்விடுகிறது.

இங்கே மறுபடியும் குன்னூர் எலிகளை நினைவுகூர வேண்டியிருக்கிறது. மெக்காரிசன் ஒரு குழுவுக்கு ஏழை ஆங்கிலேயரின் சாப்பாட்டையும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை ரொட்டி, மார்ஜரின், ஜாம், சர்க்கரை போட்ட டீ, டின் இறைச்சி, வெந்து குழைந்த காய். அந்த எலிகள் வளராமல் நின்றது மட்டுமல்ல. படபடப்பும் சண்டைக் குணமும் வந்து, பராமரிப்பவரைக் கடித்தன. தங்களில் பலவீனமானவற்றைக் கொன்று தின்றன. அருகிலேயே நல்ல சாப்பாடு தின்ற எலிகள் அமைதியாகக் கூடி வாழ்ந்தன.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 12,000-க்கும் மேற்பட்டவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், காயும் பழமும் உண்பதைக் கூட்டியவர்களுக்கு இரண்டு ஆண்டுக்குள் மன நிறைவு கூடியிருந்தது. இதயத்துக்கு வருகிற நன்மை பத்து, இருபது ஆண்டு கழித்துத் தெரியலாம். மனதுக்கு வருகிற நன்மை சீக்கிரமே தெரிகிறது. காய் தின்றால் கவலை பறந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. பாக்கி நிற்கிற கவலைக்குக் கொத்தவரங்காய் மருந்தாகாது. ஆனால் பகலில் பாதி வயிறு சோறும் பாதி வயிறு காயுமாகச் சாப்பிட்டவருக்கு மூன்று மணித் தூக்கம் கண்ணைக் கட்டுவதில்லை என்பதை நம் மண்டியிலேயே பார்த்து வருகிறோம்.

விலை கட்டுபடி ஆகுமா?

இதுதான் பெரிய கேள்வி. ஏழை நாடுகளில் ஒருவர் நாளொன்றுக்கு மூன்று பங்கு காயும் இரண்டு பங்கு பழமும் வாங்க வேண்டுமானால், அது வீட்டு வருமானத்தில் அவர் பங்கின் பாதியைத் தின்றுவிடும் என்று 2016-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு கணக்கிட்டது. ஏழைக் குடும்பங்களுக்கு இது உண்மையான சுமை. அதை மறைத்துவிட்டு உபதேசம் செய்வது நியாயமல்ல.

ஆனால் மற்றொரு கணக்கும் இருக்கிறது. மத்திய அரசின் 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமத்தில் மொத்தச் செலவில் காய்கறிக்குப் போவது 5.4 சதவீதம். பானம், தின்பண்டம், பதப்படுத்திய உணவுக்குப் போவது 9.6 சதவீதம். நகரத்தில் காய்கறிக்கு 3.8, பானம் முதலியவற்றுக்கு 10.6. காசு இல்லை என்பது பாதி உண்மை. காசு வேறு பக்கம் போகிறது என்பது மீதி உண்மை. அந்தப் பக்கத்தில் நம் கடையின் தொங்கும் பாக்கெட்டுகளும் இருக்கின்றன என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

சிக்கனமாக வாங்குவதற்கு வழி நமக்குத் தெரியாததல்ல. வரத்து மிகுந்த காய் எதுவோ அதுதான் அந்த வாரத்துக் காய். கேரட், பீன்ஸ், காலிபிளவர் வாங்கினால்தான் சத்து என்பது மயக்கம். கத்தரி, வெண்டை, பீர்க்கு, புடல், பரங்கி, கொத்தவரை, பண்ருட்டிப் பக்கம் கிடைக்கிற பலாப்பிஞ்சு எல்லாம் குறைந்தவை அல்ல. கோபாலன் முதலியோரின் சத்துப் பட்டியலில் 100 கிராம் பசும்பாலில் சுண்ணாம்புச் சத்து 120 மில்லி கிராம். முருங்கைக்கீரையில் 440, அகத்திக்கீரையில் 1,130. கீரையில் உள்ளது முழுவதும் உடம்பில் சேராது என்றாலும், கொல்லையில் நிற்கிற மரம் இவ்வளவு தருகிறது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. 1867-இல் வடலூரில் தருமசாலை நிறுவி அணையா அடுப்பு ஏற்றிய வள்ளலார், கரிசலாங்கண்ணி, தூதுவளை முதலிய கீரைகளை நாள்தோறும் கொள்ளும்படி அறிவுரை சொன்னவர். அவர் சொன்னவையெல்லாம் வேலியோரத்தில் விளைபவை.

சமையலிலும் கவனம் வேண்டும்

காயைக் கழுவிவிட்டு நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். வேக வைத்த நீரைக் கொட்டாமல் ரசத்திலோ குழம்பிலோ சேர்க்கலாம். கீரைக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டால் கரோட்டின் உடம்பில் நன்றாகச் சேரும். எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அந்த இரும்பைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது கழியட்டும். காயை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்துவிட்டுக் காய்க் கணக்கில் எழுதுவது பொய்க் கணக்கு.

இருவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் அளவைக் கூட்டக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் மிகுந்தால் ஆபத்து. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டினால் மருந்தின் வேலை கெடும். சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிற மற்றவர்களும், காய் சாப்பிடுகிறோம் என்று மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பகல் சாப்பாட்டுக்கு ஒரு நேரம் வைப்போம். ஒரு மணியிலிருந்து இரண்டுக்குள் அரை மணி நேரம் கல்லாவை மகனிடமோ நம்பிக்கையான ஆளிடமோ விடுவதால் வியாபாரம் படுத்துவிடாது.

இரண்டாவது, வீட்டிலிருந்து வரும் அடுக்குப் பாத்திரத்தில் ஓர் அடுக்கு சோறு என்றால், இரண்டு அடுக்கு காயும் கீரையும் பருப்பும் இருக்கட்டும். இதை வீட்டாரிடம் கட்டளையாகச் சொல்லிப் பயனில்லை. காயைப் பார்த்து வாங்கி வருவதும், மாலையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுப்பதும் நம் வேலையாகவும் இருக்கட்டும்.

மூன்றாவது, கடைப் பையன்களுக்கும் மூட்டை தூக்கும் தொழிலாளர்களுக்கும் சாப்பாடு போடுகிற மண்டிகளில், சோற்றை அள்ளிப் போட்டுவிட்டுக் காயைக் கரண்டி நுனியில் வைக்க வேண்டாம். அவர்கள் உழைப்புக்குச் சோறு வேண்டும். காயும் வேண்டும்.

நான்காவது, மாலைத் தீனிக்குப் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், வேகவைத்த மல்லாட்டை, வெள்ளரிப் பிஞ்சு. பயறும் மல்லாட்டையும் நம் கடைச் சரக்குதானே! சங்கக் கூட்டங்களிலும் மிக்சர் பொட்டலத்துக்குப் பதில் இவற்றைக் கொடுத்து நாமே வழிகாட்டலாம்.

ஐந்தாவது, சிறு மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் வாசலில் ஒரு கூடை வைக்கலாம். வெங்காயம், தக்காளியோடு நின்றுவிடாமல், அன்றன்று விற்கிற அளவுக்குக் கீரைக்கட்டும், வரத்து மிகுந்த இரண்டு காயும், எலுமிச்சையும் வைத்தால் போதும். கீரை அழுகும் சரக்கு. ஆகவே பத்துக் கட்டில் தொடங்கி, பழகிய பிறகு கூட்டுவதே முறை. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் கொண்டுவருவதை நேரே வாங்கினால் அவர்களுக்கும் வருமானம், நமக்கும் பசுமையான சரக்கு. கீரை வாங்க நாள்தோறும் வருகிறவர் பருப்பும் பெருங்காயமும் நம்மிடமே வாங்குவார்.

அன்பர்கள் அடுத்த ஒரு வாரத்துக்கு ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். கடையில் தராசு இருக்கிறது, பேனா இருக்கிறது, சிட்டைப் புத்தகம் இருக்கிறது. அன்றைக்குத் தமக்குச் சமைக்கிற காயின் எடையை ஒரு பக்கத்தில் எழுதி வாருங்கள். ஏழாம் நாள் கூட்டி ஏழால் வகுத்துப் பாருங்கள். 400-க்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் உடம்புக்கு நாம் வைத்திருக்கிற பாக்கி. பாக்கியை உடனே முழுதும் தீர்க்க முடியாவிட்டாலும், நாளுக்கு ஒரு கரண்டி என்று தவணையில் தீர்க்கத் தொடங்கலாம். வெளியில் நிற்கிற பாக்கியை வசூலிக்கப் பத்து முறை நடக்கிற நாம், இந்தப் பாக்கிக்காகக் காய்கறிக் கடை வரை ஒரு முறை நடந்தால் போதும். அந்த நடையும் உடம்புக்கு வரவுதான்.